கல்கத்தாவில் பிறந்த கட்சிகள்

நேபாளத்தின் மூத்த கட்சிகள் இரண்டு: நேபாளி காங்கிரஸ், கம்யூனிஸ்ட் கட்சி. இரண்டுமே பிறந்தது நேபாள மண்ணில் அல்ல, கல்கத்தாவில்.

ராணா குடும்பம் பிரதமர் பதவியைப் பரம்பரைச் சொத்தாக வைத்திருந்த காலம் அது. உள்ளூரில் கட்சி தொடங்கினால் தலை தப்பாது. 1936-இல் காத்மாண்டுவில் ரகசியமாக முளைத்த பிரஜா பரிஷத், ராத்திரியோடு ராத்திரியாகத் துண்டறிக்கைகளைத் தெருவில் இறைத்தது. விடுவார்களா? 1941 ஜனவரியில் ராணா எதிர்ப்பாளர்கள் இருவரைத் தூக்கிலிட்டார்கள், இருவரைச் சுட்டுக் கொன்றார்கள். பரிஷத் தலைவர் டங்க பிரசாத் ஆசார்யாவின் உயிரைக் காப்பாற்றியது அவருடைய சாதி. பிராமணரைக் கொல்ல அந்நாட்டுச் சட்டத்தில் இடமில்லை. மொட்டையடித்துச் சிறையில் தள்ளினார்கள்.

1947 ஜனவரியில் கல்கத்தாவில் கூடிய நேபாளி ராஷ்ட்ரிய காங்கிரஸ், சிறையில் கிடந்த அந்த மனிதரையே தலைவராக்கியது. அவர் இடத்தில் செயல் தலைவராக இருந்தவர் பி.பி. கொய்ராலா. காசியில் வளர்ந்தவர்; வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் பிரிட்டிஷ் சிறையையும் பார்த்தவர்.

ஆள் இருந்தது, காசு இல்லை. காசு வந்த இடம்தான் வேடிக்கை. ராணா குடும்பத்துக்குள்ளேயே பிறப்பை வைத்து ஏ, பி, சி என மூன்று தரம் பிரித்திருந்தார்கள். சமமான குலத்துத் தாய்க்குப் பிறக்காதவர்கள் 'சி' தரம். எவ்வளவு திறமை இருந்தாலும் பிரதமர் நாற்காலி அவர்களுக்கு இல்லை. அப்படி ஒதுக்கப்பட்ட சுவர்ண ஷம்ஷேரும் மகாவீர் ஷம்ஷேரும் கல்கத்தாவில் பெரும் பணக்காரர்கள். 1948-இல் அவர்களும் ஒரு கட்சி கண்டார்கள். 1950 ஏப்ரலில் இரண்டும் சேர்ந்து நேபாளி காங்கிரஸ் ஆயின. ராணா ஆட்சியைக் கவிழ்க்கக் கிளம்பிய கட்சிக்கு ராணா பணம்! கொள்கை ஒரு பக்கம் இருக்கட்டும், அந்தப் பங்காளிக் கோபம் இல்லாவிட்டால் 1950 நவம்பரில் அவர்கள் ஆயுதம் ஏந்தியிருக்க முடியுமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

கம்யூனிஸ்ட் கட்சியைத் தொடங்கிய புஷ்பலால் சிரேஷ்டாவுக்குக் கோபம் வேறு வகை. 1941-இல் சுடப்பட்ட கங்காலால் அவருடைய அண்ணன். காங்கிரஸ்காரர்களோடு ஒத்துப்போகாமல் வெளியேறி, 1949-இல் ஒரு சிலரோடு அதே கல்கத்தாவில் கட்சியைத் தொடங்கினார். கம்யூனிஸ்ட் அறிக்கையை நேபாளியில் தந்தவரும் அவரே.

1951-இல் ராணா ஆட்சி போனது. 1959-இன் முதல் தேர்தலில் 109 இடங்களில் 74 காங்கிரசுக்கு, பிரதமரானார் பி.பி. அடுத்த ஆண்டே மன்னர் மகேந்திரர் அவரைச் சிறையிலடைத்தார். கட்சிகளுக்குப் போட்ட தடை 1990 வரை நீடித்தது. தலைமறைவு வாழ்க்கையில் கம்யூனிஸ்டுகள் உடைந்ததைக் கணக்கெடுத்தால் விரல்கள் போதாது. அவற்றில் சில துண்டுகள் ஒட்டி 1991-இல் ஐக்கிய மார்க்சிய-லெனினியக் கட்சி வந்தது. இன்னொரு துண்டு 1996-இல் மாவோயிஸ்ட் என்ற பெயரில் துப்பாக்கி தூக்கியது. 2008-இல் முடியாட்சி ஒழிந்தது. 2015 அரசியலமைப்பு ஏழு மாகாணக் கூட்டாட்சியைத் தந்தது.

2017 தேர்தலில் ஐக்கிய மார்க்சிய-லெனினியரும் மாவோயிஸ்டுகளும் கூட்டணி கட்டி 275 இடங்களில் 174-ஐ அள்ளின. மறு ஆண்டு நேபாள கம்யூனிஸ்ட் கட்சி என்ற பெயரில் ஒன்றாகவும் ஆயின. 2021 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்த இணைப்பையே செல்லாதென்றது. காரணம், அந்தப் பெயரை வேறொருவர் முன்பே பதிவுசெய்து வைத்திருந்தார். புதுப் பெயரோடு மீண்டும் விண்ணப்பிக்கலாம் என்று வழி விட்டிருந்தது நீதிமன்றம். அதற்குள் தலைவர்கள் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிப்பதையே நிறுத்தியிருந்தார்கள்.