பழைய வெள்ளிக் காசுக்கு எவ்வளவு கொடுக்கலாம்? பணத்தை நீட்டும் முன் இந்தக் கணக்கைப் போடுங்க!

ஓசூர் சிப்காட்டில் வேலை, பாகலூர் ரோட்டுல ரூம். கூட தங்கியிருக்கிறவர் ஊருக்குப் போயிட்டு வரும்போது ராஜா தலை போட்ட ஒரு ரூபாய் காசைக் கொண்டு வர்றார். "பாட்டி பெட்டியில இருந்துச்சு, சுத்த வெள்ளி, 3,000 கொடு போதும்" என்கிறார். இல்லைன்னா வாட்ஸ்அப் குரூப்பில் போட்டோ வருது. வாங்கலாமா, எவ்வளவுக்கு வாங்கலாம்?

பழைய காசின் விலையில் ரெண்டு பங்கு இருக்கு. ஒண்ணு, அதுல இருக்கிற வெள்ளியின் மதிப்பு. இதை நீங்களே மொபைல் கால்குலேட்டரில் கண்டுபிடிக்கலாம். இன்னொண்ணு, சேகரிப்பாளர்கள் அதுக்கு மேல கொடுக்கிற காசு. நம்ம கைக்கு வர்ற பெரும்பாலான காசுகளுக்கு ரெண்டாவது பங்கு ரொம்பக் குறைவு. பலரும் பணத்தை விடுறது இல்லாத அந்த ரெண்டாவது பங்குக்குத்தான்.

முதல்ல வருஷத்தைப் பாருங்க

பிரிட்டிஷ் இந்திய ஒரு ரூபாய் காசின் எடை 11.66 கிராம். அரை ரூபாய் 5.83 கிராம், கால் ரூபாய் 2.92 கிராம். எடை மாறவே இல்லை, உள்ளே இருக்கிற வெள்ளிதான் மாறிச்சு.

* 1835 முதல் 1939 வரை: 91.7 சதவிகித வெள்ளி. ஒரு ரூபாய் காசில் சுமார் 10.69 கிராம் சுத்த வெள்ளி.
* 1940 முதல் 1945 வரை: இரண்டாம் உலகப்போர் காலம். வெள்ளியைப் பாதியாக்கி செம்பு, நிக்கல், துத்தநாகம் கலந்தாங்க. ஒரு ரூபாயில் 5.83 கிராம் வெள்ளிதான்.
* 1947: ஒரு ரூபாய் முழுக்க நிக்கல். வெள்ளி துளிகூட இல்லை. அரை ரூபாயும் கால் ரூபாயும் 1946-லேயே நிக்கலுக்கு மாறிடுச்சு.

சுதந்திரத்துக்கு அப்புறமும் சில வெள்ளிக் காசுகள் வந்தன. காந்தி நூற்றாண்டுக்கு வந்த 10 ரூபாய் காசு (மேல 1869–1948 என்று இருக்கும்) 15 கிராம், 80 சதவிகிதம் வெள்ளி. அதே காந்தி படத்தோட வந்த 1 ரூபாயும் 50 பைசாவும் நிக்கல். 1964 நேரு ஒரு ரூபாயும் நிக்கல்தான்.

கணக்கு இவ்வளவுதான்

சுத்த வெள்ளியின் எடை × இன்றைய ஒரு கிராம் வெள்ளி விலை.

கணக்கு சுலபமா இருக்க, கிராம் 100 ரூபாய்னு வெச்சுக்குவோம். 1919-ம் வருஷக் காசில் இருக்கிற வெள்ளி 1,069 ரூபாய். பார்க்க ஏறக்குறைய அதே மாதிரி இருக்கிற 1942 காசில் 583 ரூபாய். ரெண்டையும் ஒரே விலைக்குக் கேட்டா, ரெண்டாவதில் கிட்டத்தட்ட பாதிப் பணம் வீண். நீங்க வாங்குற அன்னைக்கு இருக்கிற கிராம் விலையைப் போட்டுப் பாருங்க.

இன்னொரு விஷயம். நாளைக்கு இதை நகைக்கடையிலோ அடகுக்கடையிலோ விற்கப் போனா, உருக்குற சேதாரம், 'டச்' என்று சொல்லிக் குறைச்சுத்தான் எடுப்பாங்க. அதனால சாதாரண தேய்ஞ்ச காசுக்கு வெள்ளி மதிப்பை ஒட்டிக் கொடுக்கிறதுதான் நியாயம்.

வீட்டிலேயே மூணு சோதனை

தராசு: 0.01 கிராம் வரை காட்டுற சின்ன டிஜிட்டல் தராசு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். 11.66-க்குப் பக்கத்துல வரணும். நல்லா தேய்ஞ்சிருந்தா 11.3, 11.4 வரலாம். 10 கிராம், 13 கிராம்னு காட்டினா திருப்பிக் கொடுத்துடுங்க.

காந்தம்: வெள்ளி காந்தத்தில் ஒட்டாது. ஒட்டினா அது நிக்கல் அல்லது இரும்பு. ஆனா ஒட்டாததெல்லாம் வெள்ளியும் இல்லை. செம்பும் ஈயமும்கூட ஒட்டாது.

தண்ணி: தராசு மேல தண்ணி டம்ளரை வெச்சு எடையை ஜீரோ பண்ணுங்க. காசை நூலில் கட்டி, அடியில் படாம முழுசா முக்குங்க. 1939-க்கு முந்தைய ஒரு ரூபாயா இருந்தா சுமார் 1.13 கிராம் காட்டும். செம்பு-நிக்கல் போலின்னா 1.3-ஐ நெருங்கும். 1940-க்குப் பிந்தைய அரை வெள்ளிக் காசில் 1.22 பக்கம் வரும்.

பெரிய தொகைன்னா, எக்ஸ்ரே மெஷினில் தரம் பார்த்துச் சொல்ற கடையில் காட்டிடுங்க.

பழசுன்னா விலை அதிகமா?

இல்லை. விக்டோரியா தலை போட்ட 1862 ஒரு ரூபாய் 160 வருஷத்துக்கு மேல் பழசு. ஆனா அதே 1862 என்ற வருஷத்தைப் போட்டே பல வருஷம் அச்சடிச்சாங்க. அதனால இன்னைக்கும் தாராளமா கிடைக்குது. 1939 ஒரு ரூபாய் அதைவிட ரொம்பப் புதுசு, ஆனா அபூர்வம். அதனாலேயே அதில் போலிகளும் அதிகம். 1911 ஜார்ஜ் காசில் ராஜாவின் அங்கியில் இருக்கிற யானை பன்றி மாதிரி தெரியுதுன்னு எதிர்ப்பு வந்து, அடுத்த வருஷமே அச்சை மாத்தினாங்க. அதுக்கும் கூடுதல் விலை உண்டு.

வருஷத்தோட, காசின் நிலையும் முக்கியம். எழுத்து, கிரீடம், தலைமுடிக் கோடு தெளிவா இருந்தா விலை ஏறும். மாலையில் கோக்க ஓட்டை போட்டது, வளையம் பத்தவெச்சது, புளி, பவுடர் போட்டுப் பளபளன்னு தேய்ச்சது எல்லாமே வெள்ளி விலைக்குத்தான் போகும். வாங்கின காசையும் தேய்க்காதீங்க.

அபூர்வம்னு சொல்லி விலை கேட்டா, ஏல நிறுவனங்களின் இணையதளத்தில் அதே வருஷம், அதே நிலையில் உள்ள காசு என்ன விலைக்குப் போச்சு என்று தேடுங்க. ஆன்லைன் விளம்பரத்தில் இருக்கிறது அவங்க கேட்கிற விலை. கேட்கிறதுக்கு யாரும் யாரையும் தடுக்க முடியாது.

"திப்பு காசு" என்றால்...

கிருஷ்ணகிரி உள்ளிட்ட பாராமகால் பகுதி 1792 வரை திப்பு சுல்தான் கையில் இருந்தது. அதனால இந்தப் பக்கம் திப்பு காசுன்னு சொல்லி விற்க வர்றது சகஜம். திப்புவின் வெள்ளி ஒரு ரூபாய்க்கு 'இமாமி', இரண்டு ரூபாய்க்கு 'ஹைதரி' என்று பெயர். அதில் மனித முகமே இருக்காது, பாரசீக எழுத்து மட்டும்தான். முகம் போட்ட 'திப்பு காசு' வந்தா அங்கேயே நிறுத்திடுங்க. எழுத்தைப் படிக்கத் தெரிஞ்சவர் பார்க்காம பெரிய விலை கொடுக்க வேண்டாம்.

இதெல்லாம் வந்தா ஓடிடுங்க

* ராமர், அனுமன் படத்தோட 1818 'கிழக்கிந்திய கம்பெனி' காசு. கம்பெனி அப்படி ஒரு காசை வெளியிடவே இல்லை.
* அரிசியை இழுக்கும் காசு, கோடிக்கு வாங்க ஆள் இருக்கு என்ற பேச்சு.
* "உங்க காசை ரிசர்வ் வங்கி வாங்கிக்கும், முதல்ல கமிஷன் கட்டுங்க" என்ற போன். தங்கள் பெயரில் இப்படிப் பணம் பறிக்கிறாங்கன்னு 2021 ஆகஸ்ட்டில் ரிசர்வ் வங்கியே எச்சரிச்சிருக்கு.

"நிலத்துல தோண்டும்போது கிடைச்சது" என்று சொன்னாலும் வாங்காதீங்க. 1878-ம் ஆண்டு புதையல் சட்டப்படி அதைக் கலெக்டருக்குத் தெரிவிக்கணும். 100 வருஷத்துக்கு மேற்பட்ட காசை வெளிநாட்டு நண்பருக்கு அனுப்புறதும் சட்ட விரோதம்.

கடைசியா ஒரு நியாயம்

காசு விற்க வர்றவர் பல நேரம் ஆஸ்பத்திரிச் செலவுக்கோ ஸ்கூல் ஃபீஸுக்கோ அலைஞ்சுக்கிட்டு இருப்பார். 1919 காசை 300 ரூபாய்க்குக் கேட்டு அவரை ஏமாத்துறது சாமர்த்தியம் இல்லை. போனை எடுத்து, எடையையும் வெள்ளி விலையையும் அவர் கண் முன்னாடியே பெருக்கிக் காட்டுங்க. அதுக்கு மேல கேட்டா காரணம் கேளுங்க. குறைச்சு கேட்டா உண்மையைச் சொல்லுங்க. ஒரே ஷிஃப்டில் நாளைக்கும் முகம் பார்க்கிறவங்களோட வியாபாரம் இப்படித்தான் இருக்கணும்.