புதுக்கோழியும் இரண்டு பாடங்களும்

பணி ஓய்வுக்குப் பிறகு சோழவரத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில் கோழி வளர்க்க ஆரம்பித்தேன். முட்டைக்காக என்று வீட்டில் சொல்லிக்கொண்டேன். உண்மையில் பொழுது போகவேண்டும் என்பதற்காகத்தான். ஏழு நாட்டுக்கோழிப் பெட்டைகள், ஒரு சேவல். இரண்டாம் வருடம் சந்தைக்குப் போனபோது இரண்டு பெட்டைகள் கண்ணுக்கு அழகாகப் பட்டன. வாங்கி வந்து சாயங்காலமே கொல்லையில் அவிழ்த்து விட்டேன்.

அடுத்த கால் மணி நேரம் நடந்ததைப் பார்த்து நானே பயந்துவிட்டேன். அதுவரை சாதுவாக மேய்ந்துகொண்டிருந்த என் கோழிகள் ஒவ்வொன்றாக வந்து புதுசுகளைக் கொத்தின. ஒன்றின் கொண்டையில் ரத்தம் வந்துவிட்டது. பக்கத்து வீட்டு அம்மா வேலியோரம் நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: "சார், புதுசை இப்படியா உள்ளே விடுவாங்க? பஞ்சாரத்துல போட்டு ஒரு வாரம் கவுத்து வையுங்க. எல்லாம் பார்த்துப் பழகிக்கும்."

அவரிடமே ஒரு பஞ்சாரத்தை வாங்கிக் கவிழ்த்தேன். அவர் சொன்னது அப்படியே பலித்தது. மூங்கில் இடுக்கு வழியாக உள்ளே இருப்பவை வெளியே பார்த்தன, வெளியே இருப்பவை உள்ளே பார்த்தன. முதல் நாள் பஞ்சாரத்தைச் சுற்றிச் சுற்றி வந்து மிரட்டிய என் கோழிகள், ஐந்தாம் நாள் அதன் பக்கத்திலேயே மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தன. ஏழாம் நாள் திறந்து விட்டபோது இரண்டு மூன்று கொத்துகளோடு விஷயம் முடிந்தது.

இது ஏன் என்று தெரிந்துகொள்ளப் படித்தபோதுதான், இதற்கு ஒரு வரலாறே இருப்பது தெரிந்தது. நார்வே நாட்டில் 1894-இல் பிறந்தவர் தோர்லெய்ஃப் ஷெல்டெரூப்-எபே. சிறுவயதிலேயே கோழிகளின் மேல் அவருக்குப் பைத்தியம். எந்தக் கோழி எதைக் கொத்துகிறது, எது எதற்கு வழிவிடுகிறது என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டே வந்தார். பெரியவரான பிறகும் விடவில்லை. 1922-இல் ஜெர்மன் மொழியில் ஓர் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். கோழிக்கூட்டத்தில் யார் யாரைக் கொத்தலாம் என்று ஒரு வரிசை உண்டு, அந்த வரிசை ஒவ்வொரு கோழிக்கும் தெரியும் என்பதுதான் அவர் கண்டது. 'கொத்தும் வரிசை' என்று அதைச் சொல்லலாம். மேலதிகாரி, கீழதிகாரி என்று மனிதர்களைப் பற்றிப் பேசும்போது உலகம் முழுவதும் இன்று புழங்கும் சொல், இந்தக் கோழிக் குறிப்பேட்டிலிருந்து வந்ததுதான்.

அரசு அலுவலகத்தில் காலம் தள்ளிய எனக்கு இது சட்டென்று பிடிபட்டது. சீனியாரிட்டி லிஸ்ட்! லிஸ்ட் சரியாக இருந்தால் செக்‌ஷனில் சத்தமே இருக்காது. மாற்றலாகிப் புதிதாக ஒருவர் வந்து நிற்கும்போதுதான் யார் நாற்காலி எங்கே என்ற சலசலப்பு தொடங்கும். கோழிக்கும் அதேதான். இரண்டு கோழிகள் முதன்முதலில் சந்திக்கும்போது ஒன்று சண்டை நடக்கும், அல்லது ஒன்று பயந்து ஒதுங்கும். அதோடு அந்த இரண்டுக்கும் நடுவே கணக்கு முடிந்தது. பிறகு தலையைத் தூக்கி ஒரு பார்வை பார்த்தாலே போதும், மற்றது விலகிவிடும். நாம் கொடுமை என்று நினைக்கும் கொத்து, உண்மையில் வரிசையில் புதுப் பெயரைச் சேர்க்கும் வேலை.

ஆனால் எங்கள் லிஸ்டைப் போல அது நேர்க்கோடாகவே இருக்கும் என்று சொல்லமுடியாது. முதல் கோழி இரண்டாவதைக் கொத்தும், இரண்டாவது மூன்றாவதைக் கொத்தும், அந்த மூன்றாவது திரும்பி முதலாவதைக் கொத்தும். இப்படிப்பட்ட முக்கோணங்களையும் ஷெல்டெரூப்-எபே எழுதி வைத்திருக்கிறார். ஒவ்வொரு கோழியும் மற்ற ஒவ்வொன்றையும் தனித்தனியாக அடையாளம் வைத்திருக்கிறது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? முகமும் கொண்டையும்தான் முக்கிய அடையாளம். பஞ்சாரத்தின் இடுக்கு வழியே நடந்தது இந்த முக அறிமுகம்தான்.

வரிசை கலைந்தால் என்ன ஆகும் என்பதை அமெரிக்காவில் சோதித்துப் பார்த்தார்கள். சிக்காகோ பல்கலைக்கழகத்தின் ஆலீ என்பவரும் அவரோடு ஆய்வு செய்த கூல் என்பவரும் 1944-இல் அதை வெளியிட்டார்கள். சில கூட்டங்களை அப்படியே கலைக்காமல் விட்டார்கள். சிலவற்றில் ஒரு கோழியை எடுப்பது, வேறொன்றை விடுவது என்று ஆள் மாற்றிக்கொண்டே இருந்தார்கள். மாற்றப்பட்ட கூட்டங்களில் கொத்து அதிகம், தீனி எடுப்பது குறைவு, முட்டையும் குறைவு. மாதம் ஒரு கோழி என்று ஆசைப்பட்டு வாங்கிச் சேர்ப்பவர்கள் கவனிக்கவேண்டிய விஷயம் இது.

இதுவரை படித்ததும் எல்லாம் தெரிந்துவிட்டது என்று எனக்கு ஒரு மிதப்பு வந்தது. அது அதிக நாள் நிலைக்கவில்லை.

புதுசுகளை வாங்கி வந்த பத்தாம் நாள், அவற்றில் ஒன்று மூலையில் கண்ணை மூடிக்கொண்டு நின்றது. மறுநாள் பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்தது. வாயைத் திறந்து மூச்சு வாங்கியது. பிறகு என் பழைய கோழிகளில் ஒன்றுக்குக் கழுத்து முறுக்கிக்கொண்டது. இறக்கைகள் தொங்கின. ஒரே வாரம்தான். சேவலோடு சேர்த்துப் பத்து உருப்படியில் மிஞ்சியது ஒரே ஒரு பெட்டை. கொல்லையில் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தபோது வீட்டில் யாரும் என்னோடு பேசவில்லை.

வெள்ளைக் கழிச்சல். கால்நடை மருத்துவர்கள் ராணிக்கெட் நோய் என்பார்கள். இமயமலை அடிவாரக் குமாவுன் பகுதியில் உள்ள ராணிக்கேத் என்ற ஊரில் 1927-இல் இந்தியாவில் முதலில் பதிவானதால் அந்தப் பெயர். அதற்கு முந்தைய வருடம், 1926-இல், ஜாவாத் தீவிலும் இங்கிலாந்தின் நியூகாசில் பக்கத்திலும் இதே நோய் தென்பட்டது. அதனால் மற்ற நாடுகளில் நியூகாசில் நோய் என்கிறார்கள். கொத்தும் வரிசையைப் பற்றிய கட்டுரை வந்து நாலைந்து வருடத்துக்குள் இந்த நோயும் பெயர் வாங்கிவிட்டது. புதுக்கோழியைப் பற்றிய இரண்டு பாடங்களும் ஒரே பத்தாண்டில் எழுதப்பட்டிருக்கின்றன. நான் ஒன்றை மட்டும் படித்திருந்தேன்.

இந்த வைரஸ் எச்சத்தில், மூச்சில், தண்ணீர்க் கிண்ணத்தில், நம் செருப்பில்கூட வரும். உடம்புக்குள் புகுந்த பின் வெளியே தெரிய ஐந்தாறு நாளும் ஆகலாம், இரண்டு வாரமும் ஆகலாம். சந்தையில் கொழுகொழுவென்று நின்ற கோழி அப்போதே நோயைச் சுமந்திருக்கக்கூடும். விற்றவருக்கே அது தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. அதைப் பஞ்சாரத்தில் போட்டு என் கோழிகளின் நடுவிலேயே வைத்தது நான்தான். சண்டையைத் தடுத்த அதே மூங்கில் இடுக்கு நோயைத் தடுக்கவில்லை.

குமாவுன் மலையிலேயே முக்தேஸ்வரில் இருந்த கால்நடை ஆய்வு நிலையத்தில், 1940 வாக்கில், இந்த வைரஸை முட்டைக்குள் வளரும் குஞ்சுக் கருவில் மாற்றி மாற்றி வளர்த்து, வீரியம் குறைத்துத் தடுப்பு மருந்தாக்கினார்கள். நம் பக்கத்தில் 1932-இல் தொடங்கிய இராணிப்பேட்டைக் கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையமும் இந்த மருந்தைத் தயாரிக்கிறது. ராணிக்கேத்தில் பெயர் வாங்கிய நோய்க்கு ராணிப்பேட்டையில் மருந்து! குஞ்சுக்கு முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு, எட்டு வார வாக்கில் இறக்கையில் ஊசி. பிப்ரவரியில் கால்நடைத் துறை கோழிக் கழிச்சலுக்கு இருவாரத் தடுப்பூசி முகாம் நடத்துவதும் உண்டு. அந்த வருடம் முகாம் நடந்தபோது, ஏழு கோழிக்கு இதெல்லாம் எதற்கு என்று வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

பிறகு கொல்லையைச் சில மாதம் காலியாகப் போட்டுவிட்டு மறுபடி ஆரம்பித்தேன். இப்போது நான் பின்பற்றுவது இதுதான். பழைய கோழிகளுக்குத் தடுப்பூசி போட்டிருக்கவேண்டும். புதுசு வந்தால் முதல் மூன்று வாரம் கொல்லைக்கே வராது. வீட்டின் மறுபக்கம் தனி இடம், தனிக் கிண்ணம், தனிச் செருப்பு. பழையவற்றுக்குத் தீனி வைத்த பிறகுதான் புதியவற்றிடம் போவேன். மூன்று வாரம் நன்றாக இருந்தால் அப்புறம் பஞ்சாரம், ஒரு வாரம். பஞ்சாரத்தைத் தூக்கும் அன்று தீனியையும் தண்ணீரையும் இரண்டு மூன்று இடங்களில் வைப்பேன். தோற்ற கோழி ஓடி ஒதுங்க ஒரு மறைவு இருக்கவேண்டும். ஒற்றைக் கோழியாக விடுவதில்லை. இரண்டாக விட்டால் கொத்து பங்காகிவிடும். பிறகு கொஞ்சம் கொத்திக்கொண்டால் நான் குறுக்கே போவதில்லை. ரத்தம் வந்தால் மட்டும் பிரிப்பேன்.

முதலில் தூரம், பிறகு பார்வை, கடைசியில் பழக்கம். வரிசை மாறினால் என்ன ஆகும் என்பதற்கு நானே சாட்சி.

இப்போதும் வீட்டின் மறுபக்கம் இரண்டு புதுப் பெட்டைகள் இருக்கின்றன. இன்று பதினேழாம் நாள். பக்கத்து வீட்டு அம்மா பஞ்சாரத்தைக் கழுவிக் காயவைத்துக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். இன்னும் நாலு நாள் பொறுக்கவேண்டும்.