தோடரும் தொலைந்த குலங்களும்

யூதர்கள் 24 நூல்களாகப் போற்றும் எபிரேய மறை, சீர்திருத்தக் கிறித்தவரின் பழைய ஏற்பாட்டில் 39 நூல்களாகப் பகுக்கப்பட்டுள்ளது. கி.மு. 722 அளவில் அசீரியர் வட இஸ்ரவேலை வென்று மக்களை நாடுகடத்திய செய்தி அதில் உண்டு. அவர்கள் என்னவாயினர்?

19ஆம் நூற்றாண்டில் நீலகிரி ஏறிய ஐரோப்பியர் சிலர், தாடியும் போர்வையும் எருமை மந்தையுமாக நின்ற தோடரிடம் ஆபிரகாமின் சாயலைக் கண்டு, தொலைந்த குலம் இதுவாகலாம் என்றனர். 1856இல் கால்டுவெல் தோடர் மொழியைத் திராவிடக் குடும்பத்தில் சேர்த்தார்.

தோடருக்கோ தமக்கென ஓர் ஆதியாகமம் இருந்தது. 'ஓன்' என்னும் தெய்வம் மண்ணிலிருந்து எருமைகளை வரவழைக்க, கடைசி எருமையின் வாலைப் பற்றியபடி முதல் தோடன் வெளிவந்தான். ரிவர்ஸ் 1906இல் இதை நூலில் பதித்தார். பிறர் மறையில் அவர்களைத் தேடியதைவிட, அவர்கள் கதையைக் கேட்டதே மேலான ஆய்வு.