சமையல் மேடை எப்பவும் நிரம்பியே இருக்கா? எதை வைக்கலாம்... எதை வைக்கவே கூடாது?

காலையில் துடைத்து வைத்த சமையல் மேடை, ராத்திரிக்குள் மறுபடியும் நிரம்பிவிடும். எண்ணெய் பாக்கெட், பால் கவர், மாத்திரை அட்டை, கரன்ட் பில், செல்போன் சார்ஜர், தண்ணி பாட்டில்... கடைசியில் காய் நறுக்கக்கூட இடம் இருக்காது. பல வீடுகளில் இதுதான் நிலைமை.

பார்க்க நல்லா இல்லை என்பது சின்ன விஷயம். அடுப்பு எரிவது, மிக்ஸி ஓடுவது, சாப்பாடு தயாராவது எல்லாமே இந்த மேடையில்தான். அதனால் இங்கே சேரும் அடைசல் வீட்டின் பாதுகாப்பையும் பாதிக்கும். என்ன செய்யலாம்? பார்க்கலாம்.

மேடை ஏன் நிரம்புது?

சோம்பல்தான் காரணம் என்று பலரும் நினைக்கிறோம். ஆனால் பல நேரம் அந்தப் பொருளுக்கென்று வீட்டில் ஒரு இடமே இருக்காது. மேடை இடுப்பு உயரத்தில், கைக்கு எட்டுகிற மாதிரி இருப்பதால் கடையிலிருந்து வரும் பை முதலில் அங்கேதான் இறங்கும். 'அப்புறம் எடுத்து வெச்சுக்கலாம்' என்று விட்டால் அது அங்கேயே தங்கிவிடும். எனவே துடைப்பதற்கு முன்னாடி, ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு இடம் முடிவு பண்ணுவதுதான் முதல் வேலை.

என்னென்ன ஆபத்து?

* அடுப்பு பக்கத்தில்: பிளாஸ்டிக் கவர், பேப்பர், கைப்பிடித் துணி, எண்ணெய் பாக்கெட் எல்லாம் சட்டென்று தீப்பிடிக்கக் கூடியவை. அடுப்பைச் சுற்றி இவை எதுவும் இருக்கக் கூடாது.

* கேஸ் டியூப்: சாமான்கள் குவிந்திருந்தால் அடுப்புக்குப் பின்னால் போகும் டியூப் கண்ணிலேயே படாது. அதில் விரிசல் விட்டாலும், சூடான பாத்திரம் உரசினாலும் தெரியாது. டியூப்பை 5 ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தேங்கி நிற்கும். வாசனை வந்தால் சுவிட்ச் எதையும் தொடாதீர்கள். ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு, வெளியே வந்து 1906 என்ற அவசர எண்ணுக்கு அழையுங்கள்.

* கரன்ட் சாமான்கள்: மிக்ஸி, கெட்டில், இண்டக்‌ஷன் அடுப்பு ஆகியவற்றை சிங்க்கை ஒட்டி வைக்க வேண்டாம். ஒயர் மேடைக்குக் கீழே தொங்கினால் குழந்தைகள் பிடித்து இழுத்துவிடுவார்கள். வேலை முடிந்ததும் பிளக்கைக் கழற்றுங்கள்.

* சாப்பாடு: சமைத்ததை 2 மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரையிலான சூட்டில் கிருமிகள் வேகமாகப் பெருகும். மேடையில் கூட்டம் அதிகமானால் மீந்த குழம்பும் சோறும் அதற்குள் மறைந்து அப்படியே கிடக்கும். மீன், சிக்கன் கழுவாமல் வைத்த இடத்திலேயே காய் நறுக்குவதும் ஆபத்து.

அப்போ மேடையில் எது இருக்கலாம்?

ஒரே ஒரு கேள்வி கேளுங்க: 'இதை தினமும் எடுக்கிறோமா?' ஆமா என்றால் இருக்கலாம். அடுப்பு, அஞ்சறைப் பெட்டி, உப்பு ஜாடி, சின்ன எண்ணெய் கேன், தினமும் ஓடுகிற மிக்ஸி... இவ்வளவு போதும். அஞ்சறைப் பெட்டியையும் எண்ணெய் கேனையும்கூட அடுப்பிலிருந்து கொஞ்சம் தள்ளியே வையுங்கள். சூடும் நீராவியும் பட்டால் மசாலாவின் வாசனை போகும், பொடி கட்டி தட்டும், எண்ணெய் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும்.

மற்றதெல்லாம் எங்கே போகும்?

* வாரத்துக்கு ஒருமுறை எடுக்கும் இட்லிப் பானை, பெரிய குக்கர்: மேடைக்குக் கீழே.

* கிரைண்டர்: கனமானது என்பதால் பரண் வேண்டாம். தரையில் அல்லது தாழ்வான ஸ்டாண்டில்.

* எப்போதாவது எடுக்கும் விசேஷப் பாத்திரங்கள்: பரணில்.

* மாத்திரை, மருந்து: சூடும் ஈரமும் இல்லாத வேறு அறையில், குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில்.

* பினாயில், ஆசிட்: சாப்பாட்டுப் பொருள் பக்கத்திலேயே கூடாது. தண்ணி பாட்டிலில் ஊற்றி வைக்கவே கூடாது.

* பில், சாவி, சார்ஜர்: வாசல் பக்கம் ஒரு சின்ன கூடை வைத்து அதில் போடுங்கள்.

வாடகை வீடு, சின்ன கிச்சன்... என்ன பண்றது?

சுவரில் துளை போட ஹவுஸ் ஓனர் சம்மதிக்கவில்லையா? தரையில் நிற்கும் அடுக்கு ஸ்டாண்ட், கதவுக்குப் பின்னால் மாட்டும் கொக்கி போதும். கரண்டி, வடிகட்டி, முறம் எல்லாம் தொங்கிவிடும். ஒன்றை மட்டும் மறக்காதீங்க. அடுப்புக்கு நேர் மேலே எதையும் மாட்டாதீர்கள். எரியும் தீக்கு மேலே கையை நீட்டி எடுக்கும்போது சேலையோ துப்பட்டாவோ பற்றிக்கொள்ளலாம்.

ராத்திரி 10 நிமிஷம் போதும்

1. மீந்த சாப்பாட்டை மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள்.

2. பாத்திரங்களை சிங்க்குக்கு மாற்றுங்கள். முடிந்தால் அப்போதே கழுவிவிடுங்கள்.

3. மேடைக்குச் சொந்தமில்லாத பொருளை அதனதன் இடத்துக்கு அனுப்புங்கள்.

4. பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் மேடையைத் துடைத்து, பிறகு காய்ந்த துணியால் ஒருமுறை துடையுங்கள். ஈரமும் சிந்திய சோற்றுப் பருக்கையும்தான் கரப்பான் பூச்சியை வரவழைக்கும். மார்பிள் மேடை என்றால் எலுமிச்சை, வினிகர் வேண்டாம். புளிப்பு அதை அரித்துவிடும்.

5. துடைத்த துணியை அலசிக் காயப்போடுங்கள். ஈரமாகச் சுருட்டி வைத்தால் அதிலேயே கிருமி வளரும்.

6. கேஸ் ரெகுலேட்டரை மூடுங்கள்.

இதெல்லாம் ஒருத்தர் வேலையா?

இல்லை. பொருளை மேடையில் வைப்பது வீட்டில் உள்ள எல்லோரும்தான். ஆனால் எடுத்து வைப்பது பெரும்பாலும் அம்மாவோ மனைவியோ மட்டும். இப்படி இருந்தால் எந்த ஏற்பாடும் ஒரு வாரத்துக்கு மேல் தாங்காது. எது எங்கே என்று எல்லோருக்கும் தெரியட்டும். டப்பாக்களில் பெயர் எழுதி ஒட்டுங்கள். காபி குடித்தவர் டம்ளரைக் கழுவட்டும், சார்ஜர் கொண்டுவந்தவர் அதை எடுத்துப் போகட்டும்.

ஒரே நாளில் கிச்சன் முழுக்கப் புரட்டிப் போட வேண்டாம். இன்று ராத்திரி அடுப்பைச் சுற்றியுள்ள இடத்தை மட்டும் காலி பண்ணுங்கள். அங்கே டியூப் முழுசாகக் கண்ணுக்குத் தெரிந்தாலே முக்கியமான வேலை முடிந்த மாதிரிதான். மீதியை நாளைக்குப் பார்க்கலாம்.