சாதனைக்கு ஒரு விசா: அமெரிக்காவின் ஓ-1, பிரிட்டனின் குளோபல் டேலண்ட்

விருதுநகர் மாவட்டத்தின் பரளச்சி, நரிக்குடி, திருச்சுழி வட்டாரத்தில் ஒரு பையன் ‘விசா வந்திருச்சு’ என்று சொன்னால், அடுத்த கேள்வி ‘எந்த ஏஜெண்டு, எவ்வளவு கட்டுன?’ என்பதாகத்தான் இருக்கும். வானம் பார்த்த கரிசல் காடு. மழை தவறினால் கரிமூட்டம், அருப்புக்கோட்டைத் தறி, திருப்பூர் பனியன் கம்பெனி, கடைசியில் வளைகுடா. பத்தாம் வகுப்பு தேறாதவருக்கு இ.சி.ஆர். பாஸ்போர்ட். 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி, சவுதி, குவைத் போன்ற நாடுகளுக்கு வேலைக்குப் போக அவர் தனியே அனுமதி வாங்க வேண்டும். மருத்துவச் சோதனையில் உடம்பைப் பார்ப்பார்கள். அவருக்கு என்ன பெயர், என்ன புகழ் என்று யாரும் பார்ப்பதில்லை.

பெயரையும் புகழையும் பார்த்தே கொடுக்கும் வேலை விசாக்களும் உண்டு. அவற்றில் அதிகம் பேசப்படுபவை இரண்டு: அமெரிக்காவின் ஓ-1, பிரிட்டனின் குளோபல் டேலண்ட். எச்-1பி என்ற வேலை விசாவின் புதிய மனுவுக்கு ஒரு லட்சம் டாலர் என்று 2025 செப்டம்பரில் அமெரிக்க அதிபர் பிரகடனம் செய்த பிறகு, மென்பொருள்காரர்கள் பேச்சில் ஓ-1 கூடுதலாகவே அடிபடுகிறது. எச்-1பி என்பது ஆண்டுக்கு 65,000 இடம், அமெரிக்காவில் முதுநிலை படித்தவர்களுக்கு மேலும் 20,000 என்று வரம்பு கட்டியது, படிப்பும் வேண்டும். ஓ-1க்கு வரம்பு கிடையாது, பட்டமும் தேவையில்லை. கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது.

இங்கே இந்த இரண்டையும் சென்னை ஓ.எம்.ஆரின் கண்ணாடிக் கட்டடத்திலிருந்து பார்க்கப் போவதில்லை. பரளச்சிப் பக்கம் பிறந்த இருவரை வைத்துப் பார்க்கலாம். ஒருவர் அரசுப் பள்ளியில் படித்து முனைவர் பட்டம் வரை போன பெண் ஆய்வாளர். மற்றவர் சித்திரை, வைகாசி கொடை விழாக்களில் ஆடும் கரகாட்டக் கலைஞர். ஆட்கள் இருவரும் கற்பனை. விதிகள் கற்பனை இல்லை.

ஓ-1 பிறந்தது அமெரிக்காவின் 1990-ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்தில். அதில் இரண்டு கிளைகள். அறிவியல், கல்வி, தொழில், விளையாட்டுக்கு ஓ-1ஏ; கலைக்கும் திரைக்கும் ஓ-1பி. நோபல் போன்ற பெரிய பரிசு கையில் இருந்தால் அதுவே போதும். இல்லாதவர், அதாவது ஏறக்குறைய எல்லாரும், ஓ-1ஏ-யின் எட்டு வகைச் சான்றுகளில் மூன்றையாவது காட்ட வேண்டும். பரிசுகள், தேர்ந்தெடுத்துச் சேர்க்கும் சங்கங்களில் உறுப்பினர் தகுதி, தன்னைப் பற்றிப் பத்திரிகையில் வந்தவை, பிறர் வேலைக்கு நடுவராக இருந்தது, முக்கியமான சொந்தப் பங்களிப்பு, ஆய்வுக் கட்டுரைகள், பேர்பெற்ற நிறுவனத்தில் இன்றியமையாத பொறுப்பு, உயர்ந்த சம்பளம் ஆகியவை அந்த எட்டு. மூன்று கட்டம் நிரம்பிவிட்டால் வேலை முடிந்தது என்றும் இல்லை. பிறகு எல்லாவற்றையும் மொத்தமாகத் தூக்கி எடைபோடுவார்கள். ஓ-1பி-க்கு ஆறு வகை, அதிலும் மூன்று.

பிரிட்டன் வேறு வழியில் வந்தது. 2011 ஆகஸ்டில் ‘அசாதாரணத் திறமை’ என்ற பெயரில் ஆண்டுக்கு ஆயிரம் இடம் என்று தொடங்கி, 2020 பிப்ரவரி 20 அன்று வரம்பை எடுத்துவிட்டு இன்றைய பெயரைச் சூட்டிக்கொண்டது. விண்ணப்பத்தை முதலில் எடைபோடுபவர் குடிவரவு அதிகாரி அல்ல. அறிவியலுக்கு ராயல் சொசைட்டி, பொறியியலுக்கு ராயல் பொறியியல் அகாதெமி, மானுடவியல் துறைகளுக்கு பிரிட்டிஷ் அகாதெமி, கலைக்கு ஆர்ட்ஸ் கவுன்சில் இங்கிலாந்து, கணினித் துறைக்கு டெக் நேஷன் என்று துறைக்கு ஓர் அமைப்பு. அவர்கள் ‘ஆம்’ என்றால்தான் விசா விண்ணப்பத்துக்கே அர்த்தம் உண்டு. நோபல், ஆஸ்கர், கிராமி போன்ற பரிசு பெற்றவர்களுக்கு இந்தப் படி தேவையில்லை என்று 2021-இல் ஒரு குறுக்கு வழியும் போட்டார்கள்.

ஆக, அமெரிக்கா கட்டுக் கட்டாக ஆவணம் கேட்கிறது. பிரிட்டன் நம்பத்தக்க ஆள் ஜாமீன் கேட்கிறது. மற்ற வேறுபாடுகள் பெரும்பாலும் இதிலிருந்து கிளைத்தவைதான்.

ஆய்வாளரை எடுத்துக்கொள்வோம். அவரிடம் இருப்பவை நாலைந்து ஆய்வுக் கட்டுரைகள், ஓர் ஆய்விதழுக்கு மதிப்பீட்டாளராக இருந்த மின்னஞ்சல்கள், ஒரு நல்ல வழிகாட்டி. ஓ-1ஏ-யில் கட்டுரை ஒன்று, நடுவர் பணி ஒன்று என்று இரண்டு கட்டம் எளிதில் நிரம்பும். மூன்றாவதில்தான் சிக்கல். அவருடைய பங்களிப்பு முக்கியமானது என்று மற்றவர்கள், அவருக்கு அறிமுகமே இல்லாதவர்களும், எழுதித் தந்தால் பலம். அதோடு ஓ-1க்கு அவரே விண்ணப்பிக்க முடியாது. அமெரிக்காவில் ஒரு முதலாளியோ ஏஜெண்டோ மனுப்போட வேண்டும். முதலில் மூன்று ஆண்டு வரை, பிறகு ஓராண்டு ஓராண்டாக நீட்டிப்பு. வேலை மாறினால் புது மனு.

பிரிட்டனில் அவருக்கு முதலாளி தேவையில்லை. ‘சாதித்தவர்’ என்பதோடு ‘சாதிக்கக்கூடியவர்’ என்றும் ஒரு பிரிவு வைத்திருக்கிறார்கள். இளம் ஆய்வாளருக்கு இது பெரிய விஷயம். குறிப்பிட்ட ஆய்வு நல்கைகளில் ஒன்றைப் பெற்றிருந்தால், அல்லது அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகத்தில் பணி கிடைத்திருந்தால், விரைவு வழியும் உண்டு. ஐந்து ஆண்டு வரை விசா. எங்கும் வேலை செய்யலாம், சொந்தத் தொழிலும் தொடங்கலாம். அறிவியல்காரர் மூன்று ஆண்டில் நிரந்தரக் குடியிருப்புக்கு விண்ணப்பிக்கலாம்.

இந்த இடத்தில் ராமானுஜன் நினைவுக்கு வராமல் இருக்க முடியாது. 1914-இல் இன்றைய விசா ஏது? ஆனாலும் அவர் கேம்பிரிட்ஜ் போன விதத்தைப் பாருங்கள். அந்நாளைய கல்லூரித் தேர்வான எஃப்.ஏ. தேறாதவர், சென்னைத் துறைமுகக் கழகத்தில் குமாஸ்தா. கையில் இருந்தவை இந்தியக் கணிதக் கழக இதழில் 1911-இல் வந்த கட்டுரையும் நோட்டுப் புத்தகங்களும். 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதினார். கணிதம் அறிந்த அதிகாரி கில்பர்ட் வாக்கர் பரிந்துரைத்தார்; ஹார்டியின் சகா நெவில் சென்னைக்கு வந்தபோது பல்கலைக்கழகத்தாரிடம் அவருக்காகப் பேசினார்; ஆண்டுக்கு 250 பவுண்டு உதவித்தொகை கிடைத்தது; 1914 மார்ச்சில் கப்பல் ஏறினார். பட்டம் கேட்கும் எச்-1பி அவருக்குக் கிடைத்திருக்காது. ஓ-1ஏ-யில் கட்டுரை என்ற ஒரு கட்டத்துக்கு மேல் அந்த ஆண்டில் அவரால் நிரப்பியிருக்க முடியுமா என்பது சந்தேகம். ஹார்டியின் ஒரு கடிதத்தோடு பிரிட்டனின் ‘சாதிக்கக்கூடியவர்’ பிரிவில் நுழைந்திருக்கக்கூடும். அந்த முறை அவரைப் போன்றவர்களுக்கென்றே தைத்த சட்டை மாதிரி இருக்கிறது. ஒரு நிபந்தனை மட்டும் உண்டு: ஒரு ஹார்டி வேண்டும். திருச்சுழி வட்டாரத்துப் பெண்ணுக்கு ஹார்டி எங்கே கிடைப்பார் என்பதை எந்த விதியும் சொல்வதில்லை.

குடும்பத்தோடு போகிறவர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஓ-1 பெற்றவரின் கணவர் அல்லது மனைவிக்கு ஓ-3 கிடைக்கும். ஆனால் வேலை செய்யக் கூடாது. பிரிட்டனில் துணைவர் வேலை பார்க்கலாம். காசு விஷயத்தில் தலைகீழ். அமெரிக்க மனுச் செலவைப் பெரும்பாலும் கூப்பிடும் நிறுவனம் ஏற்கும். பிரிட்டனில் உங்கள் சட்டைப்பையில்தான் கை வைக்க வேண்டும். சுகாதாரக் கூடுதல் கட்டணம் மட்டுமே ஒரு வயது வந்தவருக்கு ஆண்டுக்கு 1,035 பவுண்டு. ஐந்து ஆண்டுக்கு 5,175, நம் கணக்கில் ஏறக்குறைய ஆறு லட்சம் ரூபாய். வளைகுடா ஏஜெண்டுக்குக் கட்டுவதைவிட இது அதிகம் என்பதைப் பரளச்சிக்காரர் உடனே கவனிப்பார்.

இனி கரகாட்டக் கலைஞர். இங்கேதான் இரண்டு விசாக்களும் ஒருசேரத் திணறுகின்றன.

இருபது ஆண்டு ஆடியவர் என்று வையுங்கள். அவர் ஆடிய ஊர்களைக் கேட்டால் கமுதி, பெருநாழி, சாயல்குடி, விளாத்திகுளம் என்று மூச்சு விடாமல் சொல்வார். ஆவணம் என்று கேட்டால் திருவிழா நோட்டீஸ்தான். அதில் விழாக் கமிட்டியார் பெயர்கள் வரிசையாக இருக்கும். அன்னதானம் போட்டவர் பெயர் இருக்கும். நிகழ்ச்சி நிரலில் ‘இரவு 10 மணிக்குக் கரகாட்டம்’ என்று ஒரு வரி இருக்கும். ஆடுபவர் பெயர் இருந்தால் அதிர்ஷ்டம். அச்சாரம் ரொக்கம், மீதிச் சம்பளமும் விடியற்காலையில் ரொக்கம். ரசீது, ஒப்பந்தம் என்ற பேச்சே இல்லை. ஓ-1பி-யின் ஆறு வகைகளில் விமர்சனம், விளம்பரம், ஒப்பந்தம், உயர்ந்த ஊதியம் எல்லாம் வருகின்றன. அவர் கலையில் ஒரு குறையும் இல்லை, ஆனால் கோப்பு காலி.

பிரிட்டனிலும் அப்படித்தான். ஆர்ட்ஸ் கவுன்சில் மூன்று பரிந்துரைக் கடிதங்கள் கேட்கிறது. அதில் ஒன்றாவது பிரிட்டனில் உள்ள கலை அமைப்பிடமிருந்து வர வேண்டும். கடந்த ஐந்து ஆண்டுச் சான்றுகள் பத்துக்கு மிகாமல் தர வேண்டும். லண்டனில் தன் ஆட்டத்தைப் பார்த்த ஒரு கலை அமைப்பு இல்லாதவருக்கு அந்த ஒரு கடிதமே மலை. ஜாமீன் முறை ராமானுஜனுக்குக் கைகொடுத்த அதே காரணத்தால் இவரைக் கைவிடுகிறது.

இதற்கும் ஆழத்தில் ஒரு முரண் இருக்கிறது. இரண்டு விசாக்களும் தனிமனிதருக்கானவை. கரகாட்டம் தனிமனிதக் கலையா? நாதஸ்வரம், தவில், பம்பை, உறுமி என்று நையாண்டி மேள செட் இல்லாமல் கரகம் தலையில் ஏறாது. அமெரிக்கா இதை ஓரளவு யோசித்திருக்கிறது. ஓ-1 கலைஞருக்கு இன்றியமையாத துணையாட்களுக்கு ஓ-2 என்று வைத்திருக்கிறது. ஆனால் அந்த ஏற்பாட்டில் ஆடுபவர் நட்சத்திரம், தவில்காரர் துணையாள். தவில்காரர் காதில் இது விழுந்தால் அடுத்த வருடம் வேறு செட்டுக்குப் போய்விடுவார். குளோபல் டேலண்டிலோ குழு என்ற எண்ணத்துக்கே இடமில்லை. ஒவ்வொருவரும் தனித்தனியே மூன்று கடிதம் திரட்ட வேண்டும்.

இவருக்குப் பொருந்துவது அமெரிக்காவின் இன்னொரு, அவ்வளவு பகட்டில்லாத விசா: பி-3. ஒரு பண்பாட்டுக்கே உரிய கலையை நிகழ்த்தவோ கற்பிக்கவோ போகும் தனியாளுக்கும் குழுவுக்கும் உரியது. ஓராண்டு வரை. புகழைக் கேட்பதில்லை, இந்தக் கலை உண்மையானது, இவர்கள் அதை முறையாகச் செய்பவர்கள் என்று அறிந்தவர் எழுதிய கடிதத்தைக் கேட்கிறது. அழைக்கும் அமைப்பு அமெரிக்காவில் இருக்க வேண்டும். 1987-இல் தொடங்கிய வட அமெரிக்கத் தமிழ்ச் சங்கப் பேரவை ஜூலை முதல் வாரத்தையொட்டி நடத்தும் விழாக்களில் தமிழ்நாட்டு நாட்டுப்புறக் கலைஞர்கள் மேடை ஏறியிருக்கிறார்கள். அப்படிப்பட்ட அமைப்புகள் இதற்கு மனுப்போட முடியும். வேலை தேடிப் போக இது உதவாது, போய் ஆடிவிட்டுத் திரும்பத்தான். ஆனால் ஒரு முறை போய் வந்தால் அயல்நாட்டு மேடை, ஆங்கிலத்தில் நிகழ்ச்சி நிரல், ஊதிய ரசீது மூன்றும் கோப்பில் ஏறும். பெரிய விசாவுக்கு இதுவே படிக்கட்டு.

நாட்டுப்புறக் கலைஞருக்கு நாட்டளவில் சான்று கிடைக்கவே கிடைக்காது என்றும் சொல்ல முடியாது. மதுரை அலங்காநல்லூரைச் சேர்ந்த பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கும், தெருக்கூத்துக் கலைஞர் புரிசை கண்ணப்ப சம்பந்தனுக்கும் 2025-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அது எந்த நாட்டு அதிகாரியின் மேசையிலும் எடை உள்ள தாள். ஆனால் அது ஆயிரத்தில் ஒருவருக்கு. மற்றவர்களுக்கு எட்டும் தூரத்தில் இருப்பவை தமிழக அரசு மாவட்ட அளவில் வயதுவாரியாகக் கொடுக்கும் கலை இளமணி, கலை வளர்மணி, கலைச் சுடர்மணி, கலை நன்மணி, கலை முதுமணி விருதுகள்.

சான்றுக்கான இந்தப் பசியைத் தெரிந்துகொண்டு கடை விரித்தவர்களும் உண்டு. காசு வாங்கிக்கொண்டு விருது, காசு வாங்கிக்கொண்டு பத்திரிகைக் கட்டுரை, காசு வாங்கிக்கொண்டு ‘சர்வதேச’ உறுப்பினர் அட்டை. 2023-இல் அண்ணா பல்கலைக்கழக வளாகத்திலேயே மேடை போட்டுப் போலி கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்த கூத்தை நாடே பார்த்தது. இப்படிப்பட்ட தாள்கள் அமெரிக்கக் கோப்பில் எளிதில் நுழையும், ஏனென்றால் அங்கே கேட்பதே தாள்தான். நுழைந்த பிறகு மாட்டிக்கொண்டால் அந்த ஒரு மனுவோடு போகாது. பொய்ச் சான்று கொடுத்தவர் என்ற பெயர் அடுத்த விசாக்களிலும் பின்னால் வரும். துறைக்காரரே பார்க்கும் பிரிட்டன் முறையில் இந்தப் புரட்டு செல்வது கடினம். அந்த ஒரு காரணத்துக்காகவே, குறைகள் இருந்தும், இரண்டில் பிரிட்டன் முறை நேர்மையானது என்பேன்.

ஆனால் நேர்மையான முறை எல்லாருக்கும் ஏற்ற முறை ஆகிவிடாது. அமெரிக்காவிலிருந்து வேலை அழைப்பு கையில் உள்ளவருக்கு ஓ-1. அழைப்பு இல்லாத, ஆனால் தன் வேலையை அறிந்த பெரியவர் ஒருவர் உள்ள இளம் ஆய்வாளருக்கு குளோபல் டேலண்ட். கரகாட்டக் கலைஞருக்கு இன்றைய நிலையில் இரண்டும் இல்லை, பி-3 மட்டும்.

இதை மாற்ற வாஷிங்டனையும் லண்டனையும் எதிர்பார்க்க வேண்டாம். இங்கே செய்யக்கூடியவை இருக்கின்றன. விழாக் கமிட்டியார் நோட்டீஸில் கலைஞர்களின் முழுப்பெயரையும் ஊரையும் அச்சிடலாம், கொடுத்த சம்பளத்துக்கு ஒரு துண்டுச்சீட்டு தரலாம். தமிழில் உள்ள எந்தத் தாளையும் இரண்டு நாடுகளும் சான்றளித்த ஆங்கில மொழிபெயர்ப்போடுதான் ஏற்கும். ஆகவே கலை பண்பாட்டுத் துறை, மாவட்ட விருதுச் சான்றிதழைத் தமிழோடு ஆங்கிலத்திலும் அச்சிட்டு, எத்தனை பேரிலிருந்து, யார் யார் கூடி, எந்த அடிப்படையில் தேர்ந்தார்கள் என்று அதன் பின்பக்கத்தில் நான்கு வரி சேர்த்துத் தர வேண்டும். விருது பெறும் கலைஞர்களும் அடுத்த விழாவில் சால்வையோடு இதையும் கேட்டு வாங்க வேண்டும்.