அமுதசுரபியும் கைக்குழந்தையும்

யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பங்களில் வெளியே சென்று உண்ணும் வழக்கம் முற்காலத்தில் மிகக் குறைவு. பயணம் போவோர் கட்டுச்சோறு கொண்டு போயினர். அன்றேல் உறவினர் வீட்டில் இறங்கினர். கைக்குழந்தையோடு சென்ற தாய்க்குச் சாப்பாட்டுக் கடையின் வாங்கு அயலார் திண்ணையாகவே இருந்தது. எனினும், அவள் தயக்கமின்றிக் குழந்தையை மடியில் இருத்திப் பலர் நடுவே சோறூட்டிய இடம் ஒன்று உண்டு. அது கோயில் அன்னதானப் பந்தி. தீவகத்தில் அப்பந்திக்குப் பேர்போன தலம் நயினாதீவு.

குறிகட்டுவான் துறையிலிருந்து சிறு கடற்பயணத்தால் அடையத்தக்க இத்தீவில் நாகபூஷணி அம்மன் கோயில் கொண்டிருக்கிறாள். குழந்தைப் பேறு வேண்டுவோரும், பெற்ற குழந்தையை அம்மன் திருமுன் கிடத்த வருவோரும் இங்கே மிகப் பலர். கோயிலைச் சார்ந்த அன்னதான மண்டபத்துக்கு அமுதசுரபி என்று பெயர். அப்பெயர் மணிமேகலைக் காப்பியத்திலிருந்து வந்தது.

அமுதசுரபியைக் கையில் ஏந்திய ஆபுத்திரனின் கதையைச் சாத்தனார் ஒரு கைவிடப்பட்ட சிசுவிலிருந்தே தொடங்குகிறார். கொற்கைப் பக்கத்தில் சாலி என்பவள் தான் ஈன்ற குழந்தையை இரவில் ஒரு தோட்டத்தில் இட்டுச் சென்றாள். பசு ஒன்று வந்து அதை நாவால் நக்கி, பாலூட்டி, ஏழு நாள் காத்து நின்றது. வளர்ந்தபின் அவன் மதுரையிற் பிச்சை ஏற்று, பார்வையற்றோர், கால் முடமானோர், பேணுவாரற்றோர், நோயாளர் ஆகியோரை அழைத்து ஊட்டி, எஞ்சியதை உண்டு, ஓட்டையே தலையணையாக வைத்து உறங்கினான். அவனுக்குச் சிந்தாதேவி அளித்ததே அமுதசுரபி. சுரபி என்றாலும் பசுவே. பின்னர் அவன் மணிபல்லவத்தில் தனித்து விடப்பட்டு, அப்பாத்திரத்தைக் கோமுகி என்னும் பொய்கையில் இட்டு உயிர் நீத்தான். கோமுகியும் பசுவின் முகமே. சிசுவுக்குப் பாலூட்டிய பசு கதை முழுவதும் உடன் வருகிறது.

ஆண்டுக்கு ஒருமுறை வைகாசித் திங்கள் நிறைமதி நாளில் மேலே வரும் அப்பாத்திரம் மணிமேகலையின் கையைச் சேர்ந்தது. அப்போது அவள் சொல்லும் உவமை நோக்கத்தக்கது. பெற்ற குழந்தையின் முகம் கண்டதும் தாயின் மார்பு சுரப்பதுபோல, பசித்தோர் முகம் கண்டு இப்பாத்திரம் சுரப்பதைக் காண விரும்புகிறேன் என்கிறாள். துறவு பூண்ட இளம்பெண்ணுக்கு அன்னதானத்தைச் சொல்லக் கிடைத்த உவமை தாய்ப்பால்!

மணிபல்லவம் நயினாதீவே என்பது தீவகத்தாரின் உறுதியான நம்பிக்கை. அறிஞர் அனைவரும் இதனை ஏற்றாரல்லர். புகாருக்குத் தெற்கே முப்பது யோசனை என்னும் காப்பியக் கணக்கை இக்கடலோடு பொருத்துதல் எளிதன்று. ஆயினும் நாக மன்னர் இருவர் ஒரு பீடிகைக்காகப் போரிட்ட செய்தி மணிமேகலையிலும் உண்டு. மகாவம்சம் கூறும் நாகதீபக் கதையிலும் உண்டு. இன்று அத்தீவில் அம்மன் கோயிலும் நாகதீப விகாரையும் ஒரே கரையில் நிற்கின்றன.

பந்திகள் எல்லாருக்கும் ஒரே வகையாகத் திறந்திருந்தன என்று எழுதினால் அது வரலாறாகாது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஒடுக்கப்பட்ட சாதியினருக்குப் பல கோயில்களின் வாயில் அடைபட்டிருந்தது. தேநீர்க் கடைகளில் அவர்களுக்குச் சிரட்டையிலும் போத்தலிலும் தேநீர் கொடுத்தனர். உள்ளே அமர விடவில்லை. தாகம் என்று அழும் பிள்ளைக்குத் தகப்பன் கடைக்கு வெளியே நின்றே வாங்கிக் கொடுக்க வேண்டியிருந்தது. 1950களில் தேநீர்க் கடைப் பிரவேசத்துக்காகப் போராட்டம் எழுந்தது. சாதி காரணமாகக் கடைகளிலும் வழிபாட்டிடங்களிலும் தடுப்பதைக் குற்றமாக்கும் சட்டம் 1957இல் நிறைவேறியது. சட்டம் வந்து பதினோராண்டு கழிந்தும், 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாயிலில் மக்கள் நின்று போராட நேர்ந்தது.

இதில் ஒரு வியப்பும் உண்டு. தம் ஊரில் கடைச்சோற்றை விரும்பாத தீவகத்தாரே தென்னிலங்கைப் பட்டணங்களிற் சாப்பாட்டுக் கடை வைத்துப் புகழ்பெற்றனர். காரைநகர், புங்குடுதீவு, வேலணை முதலிய ஊர்களிலிருந்து சென்றோர் நடத்திய சைவக் கடைகள் தூர தேசத்து உத்தியோகக் குடும்பங்களுக்கு வீட்டுச் சமையலின் சுவையைத் தந்தன. 1958, 1983 கலவரங்களில் அத்தகைய கடைகள் பல எரிந்தன. உரிமையாளர் பலர் வெறுங்கையுடன் தீவுக்குத் திரும்பினர். பின்னர் அத்தீவுகளையும் போரினால் விட்டுப் போயினர்.

அவர்களுடைய பேரப்பிள்ளைகள் வெளிநாடுகளிலிருந்து ஆனித் திருவிழாவுக்கு வருகின்றனர். குழந்தைக்குச் சிறு கவளமாக ஊட்டுவதை யாழ்ப்பாணத்தார் ‘தீத்துதல்’ என்பர். ‘தீற்றுதல்’ என்னும் பழஞ்சொல்லின் பேச்சு வடிவம் அது. பந்தியில் அமர்ந்த தாய் இலையின் ஓரத்தில் சோற்றையும் பருப்பையும் காரம் படாமல் ஒதுக்கிக் குழைத்துத் தீத்துகிறாள். குழந்தை பாதியைத் துப்புகிறது. எதிரிலையில் இருக்கும் பிள்ளையைப் பார்த்துச் சிரிக்கிறது. பரிமாறுபவர் பாயச வாளியுடன் குனிந்து, முதலில் பிள்ளைக்கு ஒரு கரண்டி வார்க்கிறார். தாய் உண்ணத் தொடங்குமுன்பே அடுத்த பந்திக்குரியோர் வாயிலில் வந்து நிற்கின்றனர்.