கன்றுக்குட்டி தூக்கிய மைலோவும் நம்ம வீட்டு மைலோ டின்னும்

இது கொஞ்சம் நீளமான பதிவு. ஒரு கப் மைலோ கலக்கி வச்சுக்கிட்டு உட்காருங்க. பேச்சும் அந்த மைலோவில் இருந்துதான் தொடங்குது.

தைப்பூசத்துக்கு இன்னும் சில மாதம் இருக்கு. கோயில் பின்பக்கம் நம்ம தொண்டூழியர் தம்பிமார்கள் சாயந்திரத்தில் பயிற்சி செய்றதைப் பார்த்திருப்பீங்க. ஒரு இரும்புக் குழாய், அதோட ரெண்டு முனையிலும் சிமெண்டு ஊத்தின பெயிண்ட் டின். பல்லக்கு தூக்க ஆள் வேணும், காவடி எடுக்கிறவங்களுக்குத் தோள் பலம் வேணும். அதனால நாங்களே தொடங்கி வச்சதுதான் இது. ஆனா பயிற்சியோட சேர்ந்து மாத்திரையும் பவுடரும் உள்ளே வந்துடுச்சு. போன வருஷம் எங்க குழுவில் ஒரு தம்பி அதனால பட்ட பாட்டைப் பின்னால சொல்றோம். முதல்ல சரித்திரம்.

நாம படிச்சது எஸ்.பி.எம். வரைக்கும்தான். வேலை தொழிற்சாலையில் சூப்பர்வைசர். நைட் ஷிப்ட் ஓய்வு நேரத்தில் படிச்சுச் சேர்த்த விஷயங்கள் இவை.

பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிக்கு மைலோ லாரி வரும்போது வரிசையில் நிக்காத ஆள் நம்ம நாட்டில் உண்டா? அந்தப் பேர் ஒரு மல்யுத்த வீரரோட பேர். கி.மு. 6ஆம் நூற்றாண்டில் இன்றைய இத்தாலியின் தெற்கே குரோட்டன் என்ற கிரேக்கர் ஊரில் வாழ்ந்தவர் மைலோ. பழைய ஒலிம்பிக்கில் ஆறு முறை வென்றவர். முதல் வெற்றி சிறுவர் பிரிவில். 1934இல் ஆஸ்திரேலியாவில் தாமஸ் மேய்ன் என்பவர் பால் மாவு, பார்லி மால்ட், கோக்கோ சேர்த்து ஒரு பானம் செய்து, அதுக்கு இந்த வீரரோட பேரை வச்சார்கள்.

மைலோ பற்றி ஒரு கதை உண்டு. பிறந்த கன்றுக்குட்டியை தினம் தூக்கினாராம். கன்று வளர வளர அவர் பலமும் வளர்ந்து, கடைசியில் முழுக் காளையையே தூக்கினார்னு சொல்வாங்க. கதை கதைதான். பிறக்கும்போது முப்பது நாற்பது கிலோ இருக்கிற கன்று, நாலு வருஷத்தில் ஐந்நூறு கிலோவைத் தாண்டும். மனுஷன் உடம்பு அந்த வேகத்துக்குப் போகாது. தொழிற்சாலையில் மேலே இருக்கிறவங்க மாசாமாசம் டார்கெட்டை ஏத்திக்கிட்டே போனா மெஷினே ஒரு நாள் நின்னுடும், அது மாதிரி. இருந்தாலும் கதைக்குள்ள ஒரு உண்மை இருக்கு. பாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமா கூட்டினாத்தான் பலம் ஏறும்.

இது நம்ம பக்கத்து ஊர்ப் பெரியவங்களுக்கும் தெரிஞ்ச விஷயம். தமிழ்நாட்டின் தென் மாவட்டங்களில் இளவட்டக்கல் என்று உருண்டைக் கல் வச்சிருப்பாங்க. முதல்ல முழங்கால், அப்புறம் மடி, நெஞ்சு, தோள், கடைசியில் பின்பக்கம் போடணும். கல்லைத் தூக்கினவனுக்குத்தான் பெண் என்று பேச்சு. சில ஊர்களில் சின்னது பெரியதுன்னு பல எடையில் கல் கிடக்கும். கர்லாக்கட்டை சுத்துறதும் அப்படித்தான். 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேய ராணுவமே நம்ம ஊர்க் கட்டையைப் பார்த்துத் தன் சிப்பாய்களுக்குப் பயிற்சி ஆக்கிக்கிட்டது.

அடுத்தது சாண்டோ. கையில்லாத பனியனுக்கே சாண்டோ பனியன்னு பேர் வந்துச்சே, அந்த சாண்டோதான். யூஜின் சாண்டோ 1867இல் பிரஷ்யாவில் பிறந்தவர். 1901இல் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் உடற்கட்டுப் போட்டி நடத்தினார். ஷெர்லாக் ஹோம்ஸ் கதை எழுதின கானன் டாயில் அதுல ஒரு நடுவர். 1905 வாக்கில் இந்தியாவுக்கும் வந்து வித்தை காட்டினார். அதுக்கப்புறம் பலசாலிகளுக்கெல்லாம் சாண்டோ பட்டம் ஒட்டிக்கிச்சு. நம்ம சாண்டோ சின்னப்பா தேவரையே எடுத்துக்குங்க. கோயம்புத்தூரில் உடற்பயிற்சி செய்து அந்தப் பட்டம் வாங்கினவர். பிறகு 1956இல் எம்.ஜி.ஆரை வச்சுத் தாய்க்குப்பின் தாரம் எடுத்தார். மருதமலை முருகன்தான் அவருக்கு எல்லாம். முருக பக்தியும் தேகப் பயிற்சியும் ஒண்ணுக்கொண்ணு ஆகாதுன்னு சொல்ற பெரியவங்க எங்க கோயிலிலும் சிலர் இருக்காங்க. அவங்களுக்கு நாங்க சொல்ற பதில் தேவர்தான்.

யூஜின் சாண்டோ பலத்தை மட்டும் காட்டிட்டுப் போகலை. ஸ்பிரிங் வச்ச டம்பெல் விற்றார், தன் பேரில் கோக்கோ பவுடரும் விற்றார். கோக்கோ வியாபாரம் முதல் உலகப் போர் காலத்திலேயே விழுந்துடுச்சு. ஆனா வழி காட்டிட்டுப் போயிட்டார். உடம்பைக் காட்டு, பவுடரை வில்லு. இன்னிக்கு கைப்பேசியில் வர்ற விளம்பரம் வரைக்கும் அதே வழிதான்.

பாரம் கூட்டுறதுக்கு ஒரு கணக்கு எழுதி வச்சவர் தாமஸ் டிலோர்ம் என்ற அமெரிக்க ராணுவ டாக்டர். சின்ன வயசில் வாதக் காய்ச்சல் வந்து, இனிமே உடம்பை அலட்டிக்கவே கூடாதுன்னு டாக்டர்கள் சொல்லிட்டாங்க. அவர் கேட்கலை, எடை தூக்கியே உடம்பைத் தேத்தினார். இரண்டாம் உலகப் போரின் கடைசியில் சிகாகோ ராணுவ மருத்துவமனையில் முழங்கால் அடிபட்ட சிப்பாய்கள் நிறைஞ்சு கிடந்தாங்க. அப்போ வழக்கம், லேசான எடையை நிறைய முறை அசைக்கிறது. டிலோர்ம் அதை மாத்தினார். பத்துத் தடவை மட்டும் தூக்க முடிகிற அளவுக்குக் கனமான எடை, வாரா வாரம் கொஞ்சம் கூடுதல். 1945இல் அதை எழுதி வெளியிட்டார். முதல்ல ஏழு சுற்று, பத்து சுற்று வரைக்கும் செய்யச் சொன்னார். 1948இல் மூணு சுற்றே போதும்னு குறைச்சார்: பாதி எடையில் ஒண்ணு, முக்கால் எடையில் ஒண்ணு, முழு எடையில் ஒண்ணு. எங்க பின்கட்டுப் பயிற்சியில் நாங்க இதைத்தான் பின்பற்றுறோம். ஒரு பள்ளிக்கூட நோட்டில் தேதி, எடை, எத்தனை முறைன்னு எழுதி வைக்கிறோம். முதல் சில வாரம் எண்ணிக்கை வேகமா ஏறும். அது சதை இல்லை, நரம்பு வேலையைக் கத்துக்குது. அப்புறம் மெதுவாகும். மெதுவாகிற அந்த நேரத்தில்தான் தம்பிமார்கள் மாத்திரையைத் தேடுறாங்க.

இதே கதை அமெரிக்காவிலும் நடந்தது. பாப் ஹாப்மன் என்பவர் அங்கே எடை தூக்கும் அணியின் பயிற்சியாளர். பென்சில்வேனியாவில் யார்க் என்ற ஊரில் எடை செய்யும் கம்பெனி, ஒரு பத்திரிகை, 1950களில் புரோட்டீன் பவுடர் என்று எல்லாம் வச்சிருந்தார். 1960 வாக்கில் அவருடைய ஆட்களில் சிலர் திடீர்னு மலை மாதிரி பலம் ஏறினாங்க. அசையாத கம்பியைத் தள்ளுகிற புதுப் பயிற்சிதான் காரணம்னு பத்திரிகை எழுதிச்சு. அதுக்கான இரும்புச் சட்டமும் பவுடரும் விற்பனையாச்சு. உண்மையில் அவங்களுக்கு ஜான் சீக்லர் என்ற டாக்டர் டயனபால் கொடுத்துக்கிட்டு இருந்தார். 1958இல் வந்த ஸ்டெராய்டு மாத்திரை அது. படிச்சவங்க வீட்டில் பவுடரைக் கரைச்சுக் குடிச்சு, ஏன் நமக்கு ஏறலைன்னு தங்களையே நொந்துக்கிட்டாங்க. பிள்ளைகள் அளவு மீறி விழுங்கினதைப் பார்த்து சீக்லரே பின்னால வருந்தினார். ஒலிம்பிக்கில் ஸ்டெராய்டு பரிசோதனை வந்ததே 1976இல்தான்.

இப்போ நம்ம தம்பி கதை. பேர் வேண்டாம். அவரும் அவங்க அம்மாவும் எழுதச் சொன்னதால்தான் எழுதுறோம்.

வேலையிடத்தில் தெரிஞ்ச ஒருத்தர் பிளாஸ்டிக் பையில் கேப்சூல் கொடுத்திருக்கார். லேபிள் இல்லை. நூறு சதவீதம் மூலிகை, பசி எடுக்கும், உடம்பு ஏறும். மாசம் எண்பது ரிங்கிட். மூணு மாசத்தில் ஒன்பது கிலோ ஏறிட்டார். முகம் உருண்டையாச்சு. "தம்பி, உடம்பு போட்டுட்டேடா, இந்த வருஷம் பல்லக்கு முன்கொம்பு உனக்குத்தான்" என்று சொன்னது வேற யாருமில்லை, நாங்கதான். ஆனா நோட்டில் அவர் கணக்கு ஏறலை. எடை அப்படியே நின்னு, பிறகு இறங்கிச்சு. சூப்பர்வைசர்னு பேர், தினமும் மெஷின் ரிப்போர்ட் பார்க்கிறோம். அந்த நோட்டைப் பார்த்தும் எங்களுக்கு உறைக்கலை.

விரதம் தொடங்கிறதுக்கு முன்னால யாரோ சொல்லியிருக்காங்க, கேப்சூல் கூடு ஜெலட்டினில் செய்றது, அது மாட்டிலோ பன்றியிலோ இருந்து வர்றதுன்னு. தம்பி பயந்து அன்னிக்கே நிறுத்திட்டார். அஞ்சாவது நாள் தலைச்சுற்றல், வாந்தி. சாமி மண்டபப் படி ஏற முடியாம கைப்பிடியைப் பிடிச்சு நின்னார். பத்துமலை 272 படியைக் காவடியோட ஏறப் போறேன்னு சொன்ன பிள்ளை.

டாக்டர் அந்த முகத்தையும் வயிற்றில் இருந்த சிவப்புக் கோடுகளையும் பார்த்தவுடனே கேப்சூலைக் கேட்டார். பரிசோதனையில் டெக்சாமெத்தசோன் இருந்துச்சு. அதுவும் ஸ்டெராய்டுதான், ஆனா டயனபால் வகை இல்லை. வீக்கத்துக்கும் ஒவ்வாமைக்கும் டாக்டர் அளந்து கொடுக்கிற மருந்து. பசி எடுக்கும், நீரும் கொழுப்பும் சேரும். தொடைச் சதையோ கரையும். நம்ம சிறுநீரகத்துக்கு மேலே இருக்கிற சுரப்பி, வெளியில இருந்து மருந்து வருதுன்னு தன் வேலையை நிறுத்திக்கும். திடீர்னு மருந்தை நிறுத்தினா ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்து. மாசக்கணக்கில் அளவைக் குறைச்சுக் குறைச்சுத்தான் வெளியே கொண்டு வந்தாங்க. யாராவது இப்ப லேபிள் இல்லாத மாத்திரை சாப்பிட்டுக்கிட்டு இருந்தா, இந்தப் பதிவைப் படிச்சுட்டு நீங்களா நிறுத்தாதீங்க. மாத்திரையைக் கையில் எடுத்துக்கிட்டு டாக்டரிடம் போங்க.

நம்ம நாட்டில் மருந்துப் பதிவு விதி 1984இல் வந்தது. 1992 முதல் பாரம்பரிய மருந்துகளையும் பதிவு செய்யத் தொடங்கினாங்க. டப்பாவில் எம்.ஏ.எல். என்ற எழுத்து, எட்டு இலக்கம், கடைசியில் ஒரு எழுத்து இருக்கும். டி என்றால் பாரம்பரிய மருந்து, என் என்றால் ஊட்டச்சத்து மாத்திரை. சுகாதார அமைச்சின் ஹோலோகிராம் ஸ்டிக்கரும் இருக்கணும். எண்ணைப் போலியாவும் அச்சடிக்கிறாங்க, அதனால மருந்தக ஒழுங்குமுறைப் பிரிவின் இணையப் பக்கத்தில் தட்டிப் பார்க்கணும். தெரியலைன்னா எங்களுக்குப் படம் அனுப்புங்க, பார்த்துச் சொல்றோம். புரோட்டீன் பவுடர் பெரும்பாலும் உணவுக் கணக்கில் வரும், அதுல இந்த எண்ணைத் தேட வேண்டாம். தொங்காட் அலி கலந்த காப்பின்னு பசார் மாலாமில் விற்கிறதில், வேர் குறைவா ஆண்மை மாத்திரைப் பொடி கலந்திருந்தது பலமுறை பிடிபட்டிருக்கு. இருதய மருந்து சாப்பிடுற அண்ணன்மார்கள் கவனிங்க.

சாப்பாட்டு விஷயம் சுருக்கமா. எடைப் பயிற்சி செய்றவங்களுக்கு ஒரு கிலோ உடம்புக்கு 1.6 கிராம் புரதத்துக்கு மேலே போனா பெரிசா கூடுதல் பலன் தெரியலைன்னு ஆய்வுகள் சொல்லுது. விரத நாளிலும் அது முடியும். நூறு கிராம் தெம்பேயில் சுமார் 19 கிராம் இருக்கு. பருப்பு, கடலை, தௌஹு, பால் இருக்கு. மைலோவில் சர்க்கரைதான் தூக்கலா இருக்கும், ஆசைக்கு ஒரு கப் குடிங்க.

தம்பி இப்போ திரும்ப வந்துட்டார். வெறும் குழாயில் இருந்து தொடங்கி, போன சனிக்கிழமை நோட்டில் முப்பது கிலோ, பத்து முறைன்னு எழுதினார். இந்தத் தைப்பூசத்துக்குக் காவடி இல்லை, பால்குடம் எடுக்கிறார்.

பயிற்சி செவ்வாய், வியாழன், சனி, சாயரட்சை பூஜை முடிஞ்சு ஏழரை மணிக்கு. புதுசா வர்றவங்க அவங்கவங்க நோட்டு கொண்டு வாங்க. யாரிடமாவது பழைய இரும்புத் தட்டு எடை சும்மா கிடந்தா கோயிலுக்கு உபயம் கொடுக்கலாம். பெயிண்ட் டின் ஒண்ணு விரிசல் விட்டுடுச்சு.